பெயரும் வினையும்: மத்தேயுவின் தலைமுறைப் பட்டியல் தமிழில்

மத்தேயு நற்செய்தியின் முதல் பதினேழு வசனங்களுக்கு உரை காண்போர் பெரும்பாலும் ஆபிரகாமிடத்தும் தாவீதிடத்தும் தாமார் முதலிய பெண்டிரிடத்துமே தங்கிவிடுகின்றனர். செருபாபேலுக்குப்பின் வரும் ஒன்பது பெயர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அபியூத், எலியாக்கீம், ஆசோர், சாதோக்கு, ஆகீம், எலியூத், எலெயாசார், மாத்தான், யாக்கோபு என்னும் இவர்களைப் பழைய ஏற்பாடு அறியாது. லூக்கா தரும் பட்டியலும் இவ்விடத்தில் வேறு மாந்தரின் வழியே செல்கிறது. இவர்களுடைய ஊர் இன்னதென்றோ தொழில் இன்னதென்றோ ஒரு குறிப்பும் இல்லை. மறைநூல் இவர்களுக்கு அளிப்பது ஒரு பெயரும் ஒரு வினைமுற்றுமே. அவ்வினைமுற்று தமிழில் என்னவாயிற்று என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

கிரேக்க மூலத்தில் 'எகென்னேசென்' என்னும் செய்வினை முற்று இப்பகுதியில் 39 முறை வருகிறது. ஒவ்வொருவரும் முதலில் செயப்படுபொருளாகத் தோன்றி, அடுத்த தொடரிலேயே எழுவாயாக நிமிர்கின்றனர். இவ்வினை தந்தைக்கும் தாய்க்கும் பொதுவானது. தமிழில் 'பெறு' என்பதும் அத்தகையதே. 'மக்கட்பேறு', 'பெற்றோர்' என்னும் சொற்கள் இதற்குச் சான்று. அடைதல் என்னும் பொருளும் அதனுள் அடங்கியிருப்பது மூலத்தில் இல்லாத ஓர் ஊதியம்.

1871இல் நிறைவுற்ற பவர் ஐயர் குழுவினரின் திருத்தத்திலிருந்து வழிவந்த பழைய மொழிபெயர்ப்பு, 'பெற்றான்' என்பதை ஓரிடத்தும் சலிக்காமல் திரும்பத் திரும்ப ஆள்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியமோ வினையைக் களைந்துவிட்டு, 'இன்னாரின் மகன் இன்னார்' என்னும் பெயர்ப்பயனிலைத் தொடரை மேற்கொண்டது. இதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. குலமுதல்வரையும் அரசரையும் 'ஆன்' ஈற்றால் சுட்டுவது இன்றைய செவிக்கு மரியாதைக் குறைவாகப் படும். ஆண்மகன் ஒருவன் 'பெற்றான்' என்பதும் இன்றைய பேச்சுவழக்கிலிருந்து விலகியது. தொடர் எளிமையாயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆசோர் தம் வாழ்நாளில் செய்ததாக நூல் கூறும் ஒரே செயல் அங்கே மறைந்துபோயிற்று. அவர் இப்போது ஒருவருக்கு மகன். மற்றொருவருக்கு முன் நிற்கும் ஆறாம் வேற்றுமை. தாமாக எதையும் செய்தவரல்லர்.

இழப்பு இவ்வளவோடு நிற்கவில்லை. லூக்காவின் பட்டியல் கிரேக்கத்திலேயே வினையற்றது. வேற்றுமை உறவினாலேயே இயேசுவிலிருந்து ஆதாம்வரை மேனோக்கி ஏறுவது. மத்தேயு வினையால் கீழிறங்குகிறார். லூக்கா பெயரால் மேலேறுகிறார். பழைய மொழிபெயர்ப்பில் 'பெற்றான்', 'குமாரன்' என்னும் இரு சொற்கள் இவ்வேறுபாட்டைக் காத்தன. புதியதில் இரண்டும் 'மகன்' என்றே முடிய, வரிசைமுறை ஒன்றே வேறுபாடாக எஞ்சுகிறது.

மத்தேயு யோராமுக்கும் உசியாவுக்கும் இடையில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்னும் மூன்று அரசரை விட்டுவிடுகிறார் என்பது அறிந்த செய்தி. உசியா யோராமுக்கு எள்ளுப்பேரன். 'பெறு' என்னும் வினை வழிவழி வந்ததைக் குறிக்குமளவுக்கு ஓரளவு விரிந்து கொடுக்கும். 'மகன்' என்பதும் விரியக்கூடியதே. முதல் வசனத்தில் இயேசுவுக்கே தாவீதின் மகன் என்னும் பெயர் உண்டு. ஆனால் நெருக்கமான தொடர்வரிசையில் அச்சொல் நேர்மகனை மட்டுமே உணர்த்துகிறது. இக்கருத்து மொழிநூலாரை மட்டும் சார்ந்ததன்று. மகப்பேறு வாய்க்காத கிறித்தவர் பலர் இப்பட்டியலைத் தமக்குரியதன்று எனக் கருதுவதுண்டு. தலைமுறைகளைத் தாண்டியும் செல்லும் ஒரு வினை அவர்களுக்கு இடந்தருவது. குருதியுறவுப் பெயர் அவ்விடத்தை அடைத்துவிடுகிறது.

உரியாவைக் குறிக்குமிடத்தில் தீர்ப்பு மாறுகிறது. இவர் பட்டியலில் எவரையும் பெறாதவர், ஏத்தியர், தாவீதால் கொல்லப்பட்டவர். இருந்தும் பெயர் நிற்கிறது, பெத்சேபாளின் பெயர் நிற்கவில்லை. மூலத்தில் 'மனைவி' என்னும் சொல்லும் இல்லை. பெண்பாற் சுட்டும் உரியாவின் ஆறாம் வேற்றுமையுமே உள்ளன. பழைய மொழிபெயர்ப்பு 'மனைவியாயிருந்தவள்' என இறந்தகாலத்தைச் சேர்த்துத் தாவீதின் பழியைச் சற்றே தணிக்கிறது. திருவிவிலியம் காலங்காட்டாது 'உரியாவின் மனைவி' என்றே விட்டது. சாலொமோன் பிறந்தபோதும் அவள் உரியாவுக்குரியவளே என்னும் மூலத்தின் கடுமை இங்கே புதியதில்தான் உள்ளது.

பெயர்களின் ஒலிபெயர்ப்பிலும் புதியது மேம்பட்டது. யூதாவின் இரட்டையருள் இளையவர் பழைய மொழிபெயர்ப்பின் ஆதியாகமத்தில் 'சேரா', மத்தேயுவில் 'சாரா'. எபிரேய வழியும் கிரேக்க வழியும் தனித்தனியே பின்பற்றப்பட்டதன் விளைவு இது. சாராளை அறிந்த வாசகர், தாமாருக்குப் பெண்மகவு பிறந்ததோ என மயங்குவர். திருவிவிலியம் ஈரிடத்தும் 'செராகு' என்றது.

வினையை மீட்க விரும்பும் திருத்தக்குழு 'பெற்றார்' என உயர்வுப்பன்மை கொள்ளலாம். அப்போது பதினாறாம் வசனத்தில் மற்றொரு சிக்கல் எழும். மூலத்தில் யோசேப்புக்கு மட்டும் அவ்வினை இல்லை. அதுவே செயப்பாட்டுவினையாகி மரியாவிடம் செல்கிறது. பழைய மொழிபெயர்ப்பு 'பெற்றான்' என்பதிலிருந்து 'பிறந்தார்' என்பதற்குச் சென்று, மூலத்தில் இல்லாத மரியாதை ஈற்றாலும் அம்முறிவைக் காட்டியது. 'பெற்றார்' என வந்தபின் அவ்வீறு உதவாது. வினைமாற்றம் ஒன்றே அதைத் தாங்கவேண்டும். கத்தோலிக்கத் திருவழிபாட்டில் டிசம்பர் 17ஆம் நாள் இப்பகுதி உரக்க வாசிக்கப்படுகிறது. குழுவினர் தம் வரைவைத் தாளில் மட்டும் படியாது, அபியூத் தொடங்கி யோசேப்புவரை ஒருவரை வாசிக்கச்செய்து கேட்டபின் முடிவுசெய்வது நன்று.