ஸ்பாம்அசாசின்: பேயஸ் கணக்கை வேறு சர்வருக்கு மாற்றினால்

மெயில் சர்வர் ஒன்று இரண்டானதும் அலுவலகத்தில் எழுந்த முதல் புகார்: “நேற்று ஸ்பாம் என்று தள்ளிய அதே மெயில் இன்று இன்பாக்ஸில் இருக்கிறதே?” குப்பை மெயில் வடிகட்டியான ஸ்பாம்அசாசினின் பேயஸ் பகுதி, நாம் காட்டிக்கொடுக்கும் குப்பை மெயிலையும் நல்ல மெயிலையும் சொல் சொல்லாகப் பிரித்துக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு வழக்கமாக அந்தந்த மெஷினின் ஃபைலிலேயே கிடப்பதால், ஒரு சர்வர் கற்றது மற்றதற்குத் தெரியாது. எனவே இரண்டுக்கும் பொதுவாக, தனி மெஷினில் ஓடும் மரியாடிபி டேட்டாபேஸுக்கு அதை மாற்றினோம்.

மாற்றும் வேலை சுலபம்தான். எஸ்ஏ-லேர்ன் கமாண்டில் முதலில் சிங்க், அடுத்து பேக்கப். புதிய இடத்தில் டேபிள்களை உருவாக்கி ரீஸ்டோர். பேக்கப் வெறும் டெக்ஸ்ட் ஃபைல் என்பதால் எந்த டேட்டாபேஸுக்கும் கொண்டுபோகலாம். இந்த ஏற்பாட்டுக்கு முழு மதிப்பெண் தருவேன்.

சிக்கல் அதன் பிறகுதான். டேட்டாபேஸ் கிடைக்காவிட்டால் பேயஸ் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொள்ளும், மெயில் நிற்காது. நிற்காதது நல்லதே. ஆனால் கோளாறு இருப்பது யாருக்கும் தெரியாமல் போகிறது. 5 புள்ளி எடுத்தால் ஸ்பாம் என்ற இயல்பான அமைப்பில் பேயஸ்_99 மட்டுமே 3.5 புள்ளி தருகிறது. அது போனால் வடிகட்டியின் பாதி பலம் போயிற்று. எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ் ஹெட்டரில் பேயஸ் என்று தொடங்கும் பெயர் எதுவும் இல்லையென்றால் உடனே தேட ஆரம்பியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது இணைப்பு. மரியாடிபி 127.0.0.1-இல் மட்டும் காது கொடுக்கிறதா, யூசருக்கு லோக்கல்ஹோஸ்டிலிருந்து மட்டும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இணைப்பு சரியாக இருந்தும் பேயஸ் வேலை செய்யாததுதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. பேயஸ்_வார்ஸ் டேபிளைத் திறந்தால் இரண்டு வரிகள். ரூட் பெயரில் ஆயிரக்கணக்கான மெயில்கள். மெயிலைச் சோதிக்கும் யூசர் பெயரில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கற்றுக்கொடுத்தது ஒருவர் பெயரில், தேடியது இன்னொருவர் பெயரில்! ஸ்பாம் 200, நல்ல மெயில் 200 சேரும்வரை பேயஸ் வாயைத் திறக்காது. பேயஸ்_எஸ்கியூஎல்_ஓவர்ரைட்_யூசர்நேம் என்ற வரியில் இரண்டு சர்வரிலும் ஒரே பெயரைக் கொடுத்து, அதன் பிறகு ரீஸ்டோர் செய்ததும் சரியானது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது.

டேபிளிலும் ஒரு கவனம் வேண்டும். பிரித்த ஒவ்வொரு சொல்லும் அங்கே டோக்கனாகச் சேர்கிறது; டோக்கன் என்பது எஸ்ஹெச்ஏ-1 ஹாஷிலிருந்து எடுத்த 5 பைட். அது எழுத்து அல்ல. யூடிஎஃப்-8 கேரக்டர் நெடுவரிசையில் போட்டால் சிதைந்துவிடும். பைனரி நெடுவரிசையே வேண்டும். போஸ்ட்கிரஸில் இதற்கு பைட்டியா இருக்கிறது.

டோக்கன்கள் 1,50,000-ஐத் தாண்டினால் பழையதைக் கழிக்கும் வேலை மெயில் சோதனைக்கு நடுவே தொடங்கக்கூடும். ஆட்டோ எக்ஸ்பையரை நிறுத்தி, இரவில் கிரானில் ஓடவிடுங்கள்.

பிழையைத் தெரிந்துகொள்ள டீபக் முறையில் ஓட்ட வேண்டியிருப்பது பெரிய குறை. இவ்வளவு பழுத்த மென்பொருளில் இது இருக்கக் கூடாது. ஒரே மெயில் சர்வர் வைத்திருப்பவர்கள் ஃபைலிலேயே இருங்கள். இரண்டு, அதற்கு மேல் என்றால் தயங்காமல் மாறலாம். மாறிய அன்றே இரண்டு சர்வரிலும் ஹெட்டரைப் பார்த்துவிடுங்கள்.