கொஞ்சம் ப்ளே இருக்கட்டும்

மண்ணூரைத் தாண்டி ஒரகடம் பக்கம் போனால் வழியெங்கும் தொழிற்சாலைகள். 1955-இல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு, ராயல் என்ஃபீல்டாக 2013-இல் ஒரகடத்திலும் 2017-இல் வல்லம் வடகாலிலும் ஆலை திறந்தது. புது வண்டிகள் லாரியேறி வெளியூர் போவதைப் பார்க்க அழகுதான். ஆனாலும் என் கண் தேடுவது எதிரே வரும் பழைய புல்லட்டை: 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர், வலப்பக்கம் கியர். முப்பது வருடம் ஓடிய பிறகும், பெட்டியைக் கட்டினால் லடாக்குக்குக் கிளம்பிவிடும் வண்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் சத்தம் காதில் விழுந்தாலே, அதைப் பார்த்துக்கொள்ளும் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

நட்டை இறுக்க யாராலும் முடியும். எந்த இடத்தில் எவ்வளவு ப்ளே, அதாவது ஆட்டம், விடுவது என்று அறிந்த கைதான் வண்டிக்கு ஆயுளைக் கூட்டுகிறது.

அது புரிய, வால்வு இடைவெளிக்காக டேப்பட் வைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காலை நேரம் உத்தமம். பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடியும் உச்சிக்குக் கொண்டுவந்து, வலப்பக்கம் ஒற்றை நட்டில் நிற்கும் மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகளும் தெரியும். கைதேர்ந்த மெக்கானிக் இங்கே ஃபீலர் கேஜைத் தேடமாட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ராடைப் பிடித்துச் சுழற்றுவார். தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. லாக் நட்டை இறுக்கும்போது அந்த அளவு கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி சுழற்றிப் பார்ப்பார், திருப்தி இல்லாவிட்டால் தளர்த்தி முதலிலிருந்து வைப்பார். இந்த இரண்டாவது சுழற்றல்தான் எனக்குப் பிடித்த கட்டம். அவசரக்காரர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.

எஞ்சின் சூடேறினால் இரும்பு சிலிண்டர் வளரும். வேண்டிய இடைவெளி தானாக உண்டாகும். ஆறிய எஞ்சினில் டைட்டாக வைத்தால் வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தை அந்த இருக்கை வழியாகத்தான் பெருமளவு இறக்கிவைக்கிறது. உட்கார இடம் கிடைக்காத வால்வு கருகிப்போகும். நெடுந்தூரப் பயணத்தில், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போகும்போது, இது வேகமாக நடக்கும்.

2009-இல் வந்த கிளாசிக்கின் எஞ்சினில் இந்த இடைவெளி பார்க்கும் வேலையை ஹைட்ராலிக் டேப்பட் ஏற்றுக்கொண்டது. விரலுக்குப் பதில் ஆயில் அழுத்தம். அங்கே ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதுதான் டேப்பட் பார்ப்பது. பழைய புல்லட்டில் காண்டாக்ட் பாயிண்டுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி, கிளட்ச் லீவருக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ப்ளே. இவை கை பழகினால் வந்துவிடும்.

செயின் அப்படியல்ல. இந்தப் பக்கத்துச் சாலைகளில் லாரி கிளப்பும் புழுதி செயின் எண்ணெயில் ஒட்டி, பல் சக்கரத்தை அரைத்துத் தின்றுவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஓடிவந்த சூட்டோடு 90 கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கம் விட்டால் சுழற்சியே அதை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். பிறகு பின்சக்கரத்தை மெல்லச் சுற்றி, செயின் எங்கே அதிகம் விறைக்கிறது என்று பார்க்க வேண்டும். தேய்மானம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பதில்லை. அந்த விறைத்த இடத்தில்தான் ஏறத்தாழ ஓர் அங்குலம் ஆட்டம் வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கியவர்கள் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பின்சக்கர அச்சும் ஸ்விங் ஆர்ம் ஊன்றிய இடமும் முன் பல் சக்கரமும் ஒரே நேர்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக விறைப்பாக நிற்கும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் இது தெரியாது. சாமானைக் கட்டி, பின்னால் வருகிறவரையும் உட்காரவைத்து, இன்னொருவரைக் குனிந்து செயினைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் கொஞ்சம் ஆடினால் கிளம்பலாம்.