ஒரு வைரஸோடு நின்றுவிடும் பரிசோதனை

நோயாளியின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பது உறுதியானதும், ஆபத்துக் காரணிகள் வெளிப்படையாகத் தென்பட்டாலன்றி வேறு வைரஸைத் தேடாமலே சிகிச்சையைத் தொடங்குவது பல நாடுகளில் நெடுநாளாக நிலவும் வழக்கம். செலவு மிச்சம் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். ஆனால் அதே உடலில் சி வைரஸோ டி வைரஸோ கூடவே இருந்தால் சிகிச்சையின் போக்கே மாற வேண்டியிருப்பதால், அந்த மிச்சம் பொய்க்கணக்காகிவிடுகிறது.

சி வைரஸ் இந்தப் பாடத்தைக் கடுமையாகவே கற்பித்தது. பி, சி இரண்டும் உள்ளவரிடம் பெரும்பாலும் சி வைரஸே பி வைரஸின் பெருக்கத்தை அடக்கிவைத்திருக்கிறது; 8 அல்லது 12 வாரங்களில் சி வைரஸை ஒழிக்கும் நேரடி வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் அந்தத் தளையையும் சேர்த்தே அவிழ்த்துவிடுவதால், பி வைரஸ் மீண்டும் சீறியெழக்கூடும். இவ்வாறு 24 பேர் பாதிக்கப்பட்டு இருவர் இறந்ததைச் சுட்டி, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 அக்டோபரில் எச்சரித்தது. இன்று சி சிகிச்சைக்கு முன் பி பரிசோதனை செய்யப்படுவதும், பி மேற்பரப்பு ஆன்டிஜென் உள்ளவர்களுக்கு டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர் என்னும் பி எதிர்ப்பு மருந்து உடன் தரப்படுவதும் அதன் நற்பயன்.

டி வைரஸுக்கோ அத்தகைய விழிப்பு இன்னும் வாய்க்கவில்லை. 1977இல் இத்தாலியின் டூரின் நகரில் மரியோ ரிசெட்டோ கண்டறிந்த இவ்வைரஸ், தன் மேலுறைக்குப் பி வைரஸின் மேற்பரப்புப் புரதத்தையே நம்பியிருக்கிறது. இரண்டும் ஒருசேரத் தொற்றினால் பெரும்பாலான பெரியவர்களுக்கு இரண்டுமே நீங்கிவிடும். பி நிலைத்துவிட்ட உடலில் டி பின்னர் வந்து சேர்ந்தாலோ, நோய் பெரும்பாலும் நாட்பட்டதாகி, சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் இறுக்கத்தை விரைவுபடுத்தும். இங்கே ஆய்வக அறிக்கை மருத்துவரை எளிதில் ஏமாற்றிவிடும்: டி வைரஸ் அடக்குவதால் பி வைரஸ் அளவு பல வேளைகளில் மிகக் குறைவாகவே பதிவாகும், கல்லீரல் செல்களின் சிதைவைக் காட்டும் ஏ.எல்.டி. என்னும் நொதியோ உயர்ந்தபடியே இருக்கும். டெனோஃபோவிர் டி வைரஸைத் தொடுவதே இல்லை.

பி உறுதியான அதே இரத்த மாதிரியில் டி எதிர்ப்பொருளையும், அது தென்பட்டால் டி ஆர்.என்.ஏ.வையும் ஆய்வகமே தொடர்ந்து சோதிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2024இல் பரிந்துரைத்தது மிகச் சரியானது. ஆர்.என்.ஏ. அளவீடு ஆய்வகத்துக்கு ஆய்வகம் வேறுபடுவது இம்முறையின் உண்மையான குறை. மருந்து அரிதாக இருக்கையில் சோதித்து என்ன பயன் என்ற மறுப்பு அத்தனை வலுவானதன்று. 48 வாரப் பெக்இன்டர்ஃபெரான் சிகிச்சை சிலருக்கே பலன் தருவதும், 2020இல் ஐரோப்பா நிபந்தனையுடன் ஒப்புதல் அளித்த புலெவிர்டைடை நாள்தோறும் ஊசியாகப் போட வேண்டியிருப்பதும் மெய்யே. எனினும் டி இருப்பது தெரிந்தவருக்குக் கல்லீரல் புற்றுநோயை முன்கூட்டியே காண ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கலாம், இரு வைரஸ்களையும் தடுக்கும் பி தடுப்பூசியை அவர் வீட்டாருக்குப் போடலாம்.