வைகாசியில் வாடை வீசாது

யாழ்ப்பாணத் தீவகத்தின் கரம்பொன்னில் எழுத்துப் பயிற்சி என்று பேச்செடுத்தால் தனிநாயகம் அடிகளார் பெயர்தான் முதலில் வரும். வரவேண்டியதே. 1938இல் குருப்பட்டம் பெற்று, முப்பது வயதைக் கடந்த பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராக அமர்ந்தவர் அவர். ஆயினும் அது புலமையின் வழி. கதை, கவிதை என்று வந்த பிள்ளைகளைச் செதுக்கிய பட்டறைகள் வேறு.

பண்டிதர் மரபை ஊர் இலக்கிய மன்றத்தார் அறிவர். 1930இல் நா. பொன்னையா தொடங்கிய ‘ஈழகேசரி’யில் எழுதிப் பழகிய அ. செ. முருகானந்தன், வரதர் முதலியோர் 1943இல் மறுமலர்ச்சிச் சங்கம் கண்டதும், 1966 முதல் டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’ புதியவர்களுக்குப் பந்தல் போட்டதும் தெரிந்த கதைகள். தீவகத்துக்கென்று ஒரு பள்ளி உண்டென்றால் அது புங்குடுதீவில் மு. தளையசிங்கத்தைச் சூழ்ந்திருந்த வட்டம். அவர் 1973இல் மறைந்தார். அந்த வட்டத்தில் வளர்ந்த சு. வில்வரத்தினத்தின் முதல் தொகுதி ‘அகங்களும் முகங்களும்’ 1985இல்தான் வந்தது. அவசரப்படாத பள்ளி அது.

இக்கட்டுரையாளரின் ஆசான் எந்த வட்டத்திலும் சேராதவர். அப்பியாசக் கொப்பியில் எழுதிக் கொடுத்த கதையைச் சிவப்பு மையால் நிரப்பித் திருப்பித் தருவார். ஒரு மாணவனின் கதையில் வைகாசி மாதம் வாடைக்காற்றில் வள்ளம் தத்தளித்தது. “தம்பி, வைகாசியில் சோளகமெல்லோ? கடற்கரைக்குப் போய்ப் பாத்திட்டு வந்து எழுதும்” என்றார். கொப்பி மூன்று முறை போய்த் திரும்பியது. நாலாம் முறைதான் கதை என்றார்.

இன்றோ? யாரையும் சுட்டிச் சொல்வதல்ல, விதிவிலக்குகளும் உண்டு. அ. யேசுராசா இளங்கவிஞர்களுக்காகவே ‘கவிதை’ இதழ் நடத்தினார். 2007இல் தொடங்கிய ‘ஜீவநதி’யும் இளையோருக்கு இடம் தருகிறது. ஆனால் பொதுவில் நடப்பது என்ன? முதற்கவிதைக்கு முகநூலில் பாராட்டு, பத்தாவதில் தொகுதி, தொகுதிக்கு வெளியீட்டு விழா, விழாவில் பொன்னாடை. ஆய்வுரை செய்பவர் மேடையில்தான் புத்தகத்தைப் புரட்டுகிறார். ஒற்றுப்பிழை அட்டையிலேயே நிற்கிறது. அணிந்துரை நான்கு இருக்கும். படியை வாசித்துத் திருத்தியவர் ஒருவரும் இருக்கமாட்டார். பட்டங்களோ பிரதிகளைவிட வேகமாக விநியோகமாகின்றன. ஒற்று மிகும் இடம் தெரியாதவர் நடுவராக இருக்கும் போட்டியில் பிள்ளை எதைக் கற்கும்?

புலம்பெயர்ந்த ஊரவர் பரிசுத்தொகை தரத் தயங்கியதில்லை. மூத்தவர்கள் இருவரை மன்றம் இப்போதே கேட்டு வைக்கட்டும்: மன்றத்தின் அடுத்த போட்டிக்கு வரும் ஒவ்வொரு கதையும், பரிசு பெற்றாலும் பெறாவிட்டாலும், சிவப்பு மைக் குறிப்போடு எழுதிய பிள்ளையின் கைக்குத் திரும்பிப் போகவேண்டும்.