டாம்கேட் வலை வழங்கியின் இணைப்பிகள்: செயல்திறனும் சிக்கலும்

அப்பாச்சி டாம்கேட், ஜாவா மொழியில் எழுதப்பட்ட வலைச் செயலிகளை இயக்கும் திறமூல வழங்கி ஆகும். உலாவியிலிருந்து வரும் இணைப்பை ஏற்றுக் கோரிக்கையைச் செயலியிடம் சேர்க்கும் பகுதி கனெக்டர், அதாவது இணைப்பி எனப்படும். இணைப்பி வடிவமைப்புகளை 'எது வேகமானது' என்ற ஒரே கேள்வியால் ஒப்பிடுவது வழக்கம். அந்தக் கேள்வி மாணவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

பி.ஐ.ஓ. இணைப்பி

இதில் ஒவ்வோர் இணைப்புக்கும் திரெட் எனப்படும் இழை ஒன்று ஒதுக்கப்படும். இயல்பான உச்ச வரம்பு 200 இழைகள். நிரல் எளிது, படித்தால் புரியும். குறை காத்திருப்பில் உள்ளது. பக்கத்தைப் பெற்ற பின்னும் உலாவி இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். டாம்கேட்டுடன் வரும் அமைப்புக் கோப்பின்படி இது 20 நொடி வரை நீளலாம். அதுவரை இழை வேலையின்றி முடங்கும். விருத்தாசலம் சந்திப்பில் பயணச்சீட்டு வாங்கியவர், அடுத்த பயணத்தை யோசித்தபடி கவுண்டரை மறித்து நிற்பதற்கு இதை ஒப்பிடலாம். இழைகளில் 75 விழுக்காட்டுக்கு மேல் பயன்பாட்டில் இருந்தால், டாம்கேட் 7 இணைப்பைத் திறந்து வைப்பதையே நிறுத்திவிடும். இக்குறையை வடிவமைப்பாளர்களும் அறிந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று.

என்.ஐ.ஓ. இணைப்பி

2002இல் வெளிவந்த ஜாவா 1.4 தந்த வசதியின் மேல் கட்டப்பட்டது. ஓர் இழை ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கண்காணிக்கும். தரவு வந்த பிறகே வேலை செய்யும் இழை ஒதுக்கப்படும். டாம்கேட் 10.1இல் இயல்பான வரம்பு 8192 இணைப்புகள். ஆனால் வேலை செய்யும் இழைகள் அப்போதும் 200தான். தரவுத்தளம் மெதுவாக இருந்தால் அந்த 200 இழைகளும் அங்கேயே தேங்கும். சுருங்கச் சொன்னால், இது காத்திருப்பின் செலவைக் குறைக்கிறது, வேலையை விரைவாக்குவதில்லை.

ஏ.பி.ஆர். இணைப்பி

சி மொழி நூலகத்தை நம்பியது. மறையாக்கத்தில் ஓபன்எஸ்எஸ்எல் தரும் வேகம் இதன் பலம். ஆனால் நூலகத்தைத் தனியே நிறுவ வேண்டும். அதில் பிழை நேர்ந்தால் ஜாவா இயக்கச் சூழல் முழுவதுமே நின்றுபோகலாம். 8.5 பதிப்பு முதல் என்.ஐ.ஓ.வும் ஓபன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்த முடிந்ததால் இதன் தேவை குறைந்தது. 10.1 பதிப்பில் நீக்கப்பட்டது.

மதிப்பீடு

டாம்கேட் 8இல் என்.ஐ.ஓ. இயல்பானதாக ஆனதும், 8.5இல் பி.ஐ.ஓ. நீக்கப்பட்டதும் சரியான முடிவுகளே. கூடுதல் சிக்கலை இணைப்பியை எழுதியவர்கள் சுமந்தனர். செயலி எழுதுவோர் பழைய எளிய முறையிலேயே தொடர முடிந்தது. 2023இல் வந்த ஜாவா 21இன் மெய்நிகர் இழைகள், காத்திருக்கும் இழையின் செலவையே வெகுவாகக் குறைத்துள்ளன. எனவே இணைப்பியை மாற்றும் முன், இழைகள் உலாவிக்காகக் காத்திருக்கின்றனவா, தரவுத்தளத்துக்காகவா என்று மாணவர்கள் அளந்து பார்க்க வேண்டும். பின்னதுதான் காரணம் என்றால், எந்த இணைப்பியும் அதைத் தீர்க்காது.