வைர ஊசியும் வயரில்லாத் திரையும்

வந்தவாசியிலும் ஆரணியிலும் நான் போய்வரும் பட்டுக்கடைகளில் ஒரு புது வழக்கம் வேரூன்றிவிட்டது. சுவரில் 55 அங்குல டிவி, மேசையில் லேப்டாப், இரண்டுக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. கல்யாண வீட்டார் வந்து உட்கார்ந்ததும் டிசைனர் விண்டோஸ் பொத்தானையும் ‘கே’யையும் சேர்த்து அழுத்துகிறார். லேப்டாப்பில் இருக்கும் சேலை டிவியில் விரிகிறது. கரையை மாற்று என்றால் கரை மாறுகிறது, புட்டாவைச் சின்னதாக்கு என்றால் சின்னதாகிறது. டிசைன் போடும் நண்பர் ஒருவர் சமீபத்தில் இதை வெகுவாகப் புகழ்ந்தார். “வயரில் வந்தாலும் காற்றில் வந்தாலும் ஒரே படம்தான், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது” என்றார். கூட இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். யார் கண்ணுக்குத் தெரியாது என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றிக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற காலம் போயிற்று. கண் மங்கிய பாட்டியும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேத்தியின் முகூர்த்தப் புடவையைப் பார்க்கிறார். வயர் காலில் இடறுவதில்லை. 2010இல் ஆப்பிளின் ஏர்பிளே, 2012இல் மிராகாஸ்ட், 2013இல் கூகுளின் குரோம்காஸ்ட் என்று வந்த வழிகள் எல்லாம் சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் பள்ளிப் பாடத்துக்கும் கல்யாண ஆல்பத்துக்கும் நன்றாகவே உழைக்கின்றன. நடுநடுவே இணைப்பு அறுவது, மவுஸை நகர்த்தினால் டிவியில் அரை நொடி கழித்து நகர்வது எல்லாம் எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. 2025 மார்ச்சில் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்டுகள் உலகம் முழுக்க ஒரே நாளில் முடங்கின. அதுவும் சில நாளில் சரியாயிற்று. என் குறை வேறு. பல வருஷமாக அதை மனதில் வைத்திருக்கிறேன்.

அந்தத் திரையில் இழை தெரிவதில்லை.

முழு ஹெச்டி படம் என்றால் அகலத்தில் 1920, உயரத்தில் 1080, ஆக 20,73,600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 படம் என்று பெருக்கினால் நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட். 2002 டிசம்பரில் வெளியான முதல் ஹெச்டிஎம்ஐ தரமே இதைப் பிழியாமல் அப்படியே கொண்டுபோகும். சாதாரண வீட்டு வைஃபையால் முடியாது. அதனால் லேப்டாப் தன் திரையைச் சினிமாப் படம்போலப் பாவித்து, ஹெச்.264 போன்ற முறையில் நூறு மடங்குக்கும் மேலே சுருக்கி அனுப்புகிறது. சுருக்கியதை டிவி மறுபடி விரிக்கிறது. இந்தச் சுருக்கலில் இரண்டு வகை இழப்பு உண்டு. ஒன்று, அசைவின்போது படம் கட்டம் கட்டமாகக் கலைவது. படம் நின்றால் ஓரிரு நொடியில் அது தெளிந்துவிடும். அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் என் நண்பர் ஏமாறுகிறார்.

இரண்டாவது இழப்பு தெளிவதே இல்லை. மனிதக் கண் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் கூர்மையாகப் பிடிக்கும், நிறத்தின் ஏற்ற இறக்கத்தை அவ்வளவு கூர்மையாகப் பிடிக்காது. கலர் டிவி பிறந்த நாளிலிருந்தே பொறியாளர்கள் இதைப் பயன்படுத்திவருகிறார்கள். வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி அனுப்புவார்கள். நிறத்தை மட்டும் நான்கு புள்ளிக்கு ஒன்றாகச் சராசரி செய்து அனுப்புவார்கள். 4:2:0 என்று அதற்குப் பெயர். 20 லட்சம் புள்ளிகளில் வெளிச்சம் முழுதாக வருகிறது, நிறமோ வெறும் 5,18,400 இடங்களுக்குத்தான் வருகிறது. மிச்சத்தை டிவி அக்கம்பக்கத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறது. முகத்துக்கும் மரத்துக்கும் வானத்துக்கும் இது போதும். சினிமா நம் வீட்டுக்கு வரும்போதே இப்படித்தான் வருகிறது, அதில் புதிதாக இழக்க ஒன்றுமில்லை.

சேலை டிசைன் முகமும் அல்ல, வானமும் அல்ல. என் அப்பா கிராப் தாளில் டிசைன் போட்டவர். ஒரு கட்டத்தில் சிவப்பு மை வைத்தால் ஜக்கார்டில் ஒரு கொக்கி தூக்கும், வைக்காவிட்டால் தூக்காது. ஒரு வரிக்கு ஓர் அட்டை, ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. இன்றைக்குக் கணினியில் போட்டாலும் அதே கணக்குதான். திரையில் ஒரு புள்ளி, தறியில் ஓர் இடம். அரைப் புள்ளி என்று எதுவும் அங்கே கிடையாது. உடலில் மெல்லிசாக ஓடும் வைர ஊசிக் கோடு திரையில் ஒரே புள்ளி அகலம். முத்துக்கட்டத்தின் கோடும் அப்படியே. கரும்பச்சை உடலில் ஓடும் அரக்கு ஊசிக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையும் அரக்கும் வெளிச்சத்தில் கிட்டத்தட்டச் சமமாக இருந்துவிட்டால், அந்தக் கோடு உயிர்வாழ்வது முழுக்க முழுக்க நிறத்தில்தான். நான்கு புள்ளியின் நிறத்தைச் சராசரி செய்ததும் அரக்கு பச்சையோடு கலந்து பாக்கு நிறமாகிறது. கோடு இருந்த இடத்தில் ஒரு சேறு நிற்கிறது. கரையும் உடலும் சேரும் கோர்வை இடத்தில் இது இன்னும் மோசம். பளிச்சென்று வெட்டினாற்போல மாறவேண்டிய நிறம், ஓரத்தில் கசிந்த சாயம்போல இருக்கிறது.

ஒருமுறை வந்தவாசிக் கடையொன்றில் இதை நேரில் பார்த்தேன். புது டிசைனைக் காட்டித் தறிக்கு ஏற்றுவதற்காக, நாற்பது வருஷம் நெய்த ஒரு அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். டிவியில் சேலை வந்தது. அக்கா பாயிலிருந்து எழுந்து டிவிக்கு ஒரு முழம் தள்ளிப் போய் நின்றார். கரையை விரலால் தொடாமல் தொடர்ந்து கொண்டே போனார், பாவில் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி. பிறகு திரும்பி, “இங்க கோடு ஒண்ணா, ரெண்டா தம்பி?” என்று கேட்டார். டிசைனர் லேப்டாப்பைப் பார்த்து, “ரெண்டுக்கா” என்றார். “இதுல ஒண்ணுதான் தெரியுது” என்று சொல்லிவிட்டு அக்கா லேப்டாப் பக்கம் வந்து குனிந்துகொண்டார். அத்தனை பெரிய டிவி அங்கே இருந்தும், பார்க்கத் தெரிந்த ஒருவருக்கு அது பயன்படவில்லை.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை நான் அறிவேன். கோப்பு கெடவில்லையே, தறிக்குப் போவது கோப்புதானே என்பார்கள். உண்மைதான், கோப்பு பத்திரமாக இருக்கிறது. ஆனால் கல்யாண வீட்டார் தலையசைத்தது கோப்பைப் பார்த்தா? டிவியைப் பார்த்துத்தான். நெய்பவர் கண்ணும் வேலை செய்யவேண்டிய இடம் அதுவே. தவறி விழுந்த ஒரு புள்ளி, ஜரிகை பிடிப்பில்லாமல் நீளமாகத் தொங்கப்போகும் இடம், கரையில் ருத்திராட்ச வடிவம் ஒன்று சிதைந்திருப்பது, இதையெல்லாம் தறிக்கு முன்னால் பிடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு அது ஒன்றுதான். பெரிதாக்கிக் காட்டலாமே என்பார்கள். பெரிதாக்கினால் குறை குறையும், மறுக்கவில்லை. ஆனால் யாரும் சேலையைத் துண்டு துண்டாகப் பார்த்துச் சரி சொல்வதில்லை. உடலும் கரையும் முந்தியும் சேர்ந்து எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். 4கே டிவி வாங்கினால் தீரும் என்பார்கள். கடைகளில் காற்றில் வருவது பெரும்பாலும் 1080 படம்தான். தொலைந்த நிறத்தை டிவி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கொண்டுவர முடியாது.

நிறத்தை எப்படியும் நூல் கட்டைப் பார்த்துத்தானே முடிவு செய்கிறோம் என்பதுதான் எல்லாவற்றிலும் பலமான வாதம். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்யும் இரட்டை நிறப் பட்டை எந்தத் திரையும் காட்டாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். நூல் கட்டு நிறத்தைச் சொல்லும். கோடு எத்தனை, எவ்வளவு மெல்லிசு, எந்த இடத்தில் என்பதை நூல் கட்டு சொல்லாது. அதைச் சொல்வதற்காகத்தான் அப்பா காலத்தில் கிராப் தாள் இருந்தது. அதன் வேலையைச் செய்ய வந்த திரை அந்த வேலையைத்தான் செய்யவில்லை.

கோரைப்பாய்க்காரர்கள் இதே முறையில் டிசைன் காட்டினால் நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். வந்தவாசிப் பாயில் சாயம் போட்ட கோரை பட்டை பட்டையாக அகலமாக ஓடும், நான்கு புள்ளி சராசரியில் அதற்கு ஒன்றும் ஆகாது. கோரையை மெல்லிசாகக் கிழித்து நெய்யும் பத்தமடைப் பாய்க்குக் காட்டினால் பேசுவேன். பட்டு பத்தமடையைவிட மெல்லிசு.

தெரியாமல் நடக்கிறது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கணினியில் டிசைன் போடுகிறவருக்குத் தன் லேப்டாப்பில் இரண்டு கோடும் டிவியில் ஒரு கோடும் இருப்பது தெரியாமலா இருக்கிறது? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திரையையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் அவர். கடை அழகாக இருக்கவேண்டும் என்று வயரை மறைத்தார்கள், கூடவே இழையையும் மறைத்துவிட்டார்கள். இதில் வரும் நஷ்டம் டிவி வாங்கியவருக்குப் போவதில்லை. “டிவியில் காட்டினப்ப இந்தக் கோடு இல்லையே, இது எங்களுக்கு வேண்டாம்” என்று கல்யாண வீட்டார் சேலையைத் தள்ளிவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். நெய்தவர் டிசைன்படிதான் நெய்திருந்தார். இருபது நாள் உழைப்பு. கூலியில் பிடித்தம் செய்தது அவரிடம்தான். அவர் அந்த டிவியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இதற்கு மாற்று சில நூறு ரூபாய் ஹெச்டிஎம்ஐ வயர். வயர் மட்டும் போதாது என்பதையும் சொல்லவேண்டும். பல டிவிகள் வயரில் முழு நிறம் வந்தாலும் சினிமாப் பழக்கத்தில் தாமே நிறத்தைக் குறைத்துக்கொள்கின்றன, படத்தின் ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிடுகின்றன. ஓரம் வெட்டினால் சேலையில் போவது கரை. டிவி அமைப்பில் அந்த உள்ளீட்டின் பெயரைப் ‘பிசி’ என்று மாற்றி, ஓரம் வெட்டாத அளவைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான டிவிகளில் இரண்டும் சரியாகும். ஐந்து நிமிஷ வேலை.

கடை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வருகிறவர்களுக்கு ஐம்பது டிசைனைப் புரட்டிக் காட்டும் வரைக்கும் காற்றிலேயே காட்டுங்கள். ஒன்றைத் தேர்ந்து முன்பணம் வாங்கும்முன் வயரைச் செருகிவிடுங்கள், நெய்யப்போகிறவரையும் அந்த நேரத்தில் பக்கத்தில் உட்காரவையுங்கள். நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் இன்றைக்கே லேப்டாப்பில் பெயின்ட் செயலியைத் திறந்து, அரக்குக்கு வெளிச்சத்தில் சமமான கரும்பச்சைத் தளத்தில் ஒரு புள்ளி அகலத்தில் அரக்குக் கோடுகளை ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி போடுங்கள். முதலில் காற்றில் அனுப்பிப் பாருங்கள், பிறகு வயரில் பாருங்கள். கோடுகளை எண்ணுவதற்குத் தறிக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.