காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்

வெயில் அடிக்கும்போதே மழை தூறினால் தமிழ்ப் பிள்ளைகள் தெருவுக்கு ஓடிவந்து, காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று கூவுவார்கள். வடையைப் பறிகொடுத்த காக்கா, பறித்துப்போன நரிக்கே எப்படிக் கழுத்தை நீட்டியது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கன்னடத்திலும் இதே ஜோடிதான். தெலுங்கில் நாய்க்கும் நரிக்கும் கல்யாணம். மலையாளத்திலும் சிங்களத்திலும் வங்காளத்திலும் நரிக்குக் கல்யாணம் என்பதோடு சரி. பெண் யார் வீடு என்ற பேச்சே இல்லை.

இதைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்காமல் ஆராய்ந்தவர்கள் உண்டு. ஃபின்லாந்து நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் மத்தி கூசி, வெயில்மழையைப் பற்றி உலக மக்கள் சொல்வதையெல்லாம் திரட்டி 1957இல் ஜெர்மன் மொழியில் ஒரு நூலே வெளியிட்டார். ஒரு சொல்வழக்கின் உலக வரலாறு என்பது அதன் துணைத்தலைப்பு. 1998இல் அமெரிக்க மொழியியலாளர் பெர்ட் வோக்ஸ் பல நாட்டு மொழியியலாளர்களிடம் கேட்டு இன்னொரு திரட்டைச் சேர்த்தார். இந்தத் துறையில் தீராத வழக்கு ஒன்றுதான்: இந்தப் பேச்சு ஓரிடத்தில் பிறந்து வணிகரோடும் அகதிகளோடும் ஊர் ஊராகப் போனதா, அல்லது அங்கங்கே தானாக முளைத்ததா?

வெயிலும் மழையும் சேர்ந்து வருவதில் வானிலைக்காரருக்குப் புதிர் ஏதுமில்லை. இரண்டு மில்லிமீட்டர் துளி ஒன்று இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் மேகம் நகர்ந்து சூரியனுக்கு வழிவிட்டிருக்கலாம். காற்று துளியைப் பக்கவாட்டில் தள்ளியும் இருக்கலாம்.

ஜப்பானிலும் நரிக்குத்தான் கல்யாணம். இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘கனவுகள்’ (1990) படத்தின் முதல் பகுதியே இதுதான். இந்த மாதிரி நாளில் நரிகள் கல்யாணம் நடத்தும், யாராவது பார்த்தால் அவற்றுக்குப் பிடிக்காது, வெளியே போகாதே என்கிறாள் தாய். பையன் கேட்கவில்லை. காட்டில் மரத்துக்குப் பின்னால் நின்று, அடியெடுத்து வைத்து, நின்று, திரும்பிப் பார்த்து நகரும் அந்த ஊர்வலத்தைப் பார்த்துவிடுகிறான். வீடு திரும்பினால் வாசலில் தாய். நரி கொடுத்துவிட்டுப் போன குறுங்கத்தியை அவன் கையில் தருகிறாள். உயிரைப் போக்கிக்கொள்ளத்தான் அது. போய் மன்னிப்புக் கேள், நரிகளின் வீடு வானவில்லுக்கு அடியில் இருக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். வானவில்லின் அடியை நடந்து சேர முடியாது. நடப்பவனோடு அதுவும் நகரும். அந்தத் தாய்க்கு இது தெரியாதா என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

கொரியாவில் மாப்பிள்ளை புலி. நரியைக் காதலித்த மேகம், அவள் புலியைக் கட்டிக்கொண்டதைப் பார்த்து வெயிலின் பின்னால் நின்று அழுததாம். ஜூலுக்களுக்கு இது குரங்குக் கல்யாணம். ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் நரி, ஓநாயின் பெண்டாட்டியைக் கட்டிக்கொள்கிறது. தென்னாப்பிரிக்காவில் ஓநாயே கிடையாது; டச்சுக் குடியேறிகள் கழுதைப்புலிக்கு இட்ட பெயர் அது. எத்தியோப்பியாவில் கல்யாணம் முடிந்து பிரசவமே ஆகிவிட்டது: கழுதைப்புலி குட்டி போடுகிறது. பிலிப்பைன்ஸில் குதிரைத்தலைப் பூதத்துக்குக் கல்யாணம். ரஷ்யர்கள் மட்டும் காரியத்தில் கண்ணாக, இதைக் காளான் மழை என்கிறார்கள்.

பிறப்பிடத்தைத் தேடும் வழக்கு எனக்கு இரண்டாம்பட்சம். மணமக்கள் பட்டியலில் மனிதர்கள் வரும் இடம்தான் உறுத்துகிறது. கிரேக்கத்தில் வெயில்மழை பெய்தால் ஏழைகளுக்குக் கல்யாணம். பிரேசிலில் விதவைக்குக் கல்யாணம். சில வாய்களில் ஸ்பானியனுக்கு. நரியும் காக்காவும் நிற்கும் அதே பந்தலில் ஏழையும் விதவையும் அந்நியனும் நிற்கிறார்கள். வெயிலும் மழையும் சேர்வது எளிதில் நடக்காத சங்கதி. இவர்களுக்குக் கல்யாணம் ஆவதும் அப்படித்தான் என்று ஊர் சிரிக்கிறது. ஜப்பான் நரிகள் இதற்கு விலக்கு. அவை தம் இனத்துக்குள்ளேயே முறையாக மணக்கின்றன. அங்கே தகாதது பார்ப்பவனின் கண். பிரான்சில் சாத்தான் பெண்டாட்டியை அடித்துக்கொண்டே மகளுக்குக் கல்யாணம் செய்கிறான். அமெரிக்கத் தென்மாநிலங்களில் மகள் கல்யாணம் இல்லை, அடி மட்டும்தான். வானிலையைச் சொல்லும் வாக்கில் வீட்டு வன்முறை இவ்வளவு சாதாரணமாக உட்கார்ந்திருப்பதை, திரட்டு வேலையில் மூழ்கியவர்கள் நின்று கவனித்திருக்கலாம்.

நம் ஊர்களிலும் எல்லா வட்டாரத்திலும் ஒரே ஜோடியாக இருக்காது என்பது என் ஊகம். வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் வெயில்மழைக்கு யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்றார்கள், எந்த ஊரில், எந்தப் பேச்சில் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். பாட்டி இருந்தால், ஐப்பசி அடைமழை தொடங்குமுன் கேட்டுவிடுங்கள்.